தராசு முத்திரை பார்க்கிறோம், லைசென்ஸ் தேதி பார்க்கிறோமா?



ஆயுத பூஜையன்று நம் கடைகளில் நடப்பது அனைவரும் அறிந்ததே. தராசு, கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். சரக்கு வண்டியைக் கழுவி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். 2022-ஆம் ஆண்டும் நமது மண்டியில் அப்படித்தான் செய்தோம். அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியவரின் சட்டைப் பையில் இருந்த லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது நமக்குத் தெரியாது என்று சொன்னால் பாதி பொய்யாகும்.

அந்த ஓட்டுநர் நம்மிடம் பதினெட்டு வருடமாக இருப்பவர். பழைய விதிப்படி அவருடைய லைசென்ஸ் ஐம்பது வயது முடியும் வரைதான் செல்லும். ஆகஸ்டில் ஐம்பது முடிந்தது. "முதலாளி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போகணும், அரை நாள் லீவு வேணும்" என்று இரண்டு முறை கேட்டார். "சீசன் முடியட்டும்ப்பா, பிறகு பார்க்கலாம்" என்று இரண்டு முறையும் நாம்தான் நிறுத்தினோம். தீபாவளிக்குச் சரக்கு போக வேண்டும், மாற்று ஓட்டுநர் கிடையாது என்பது அன்று நமக்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பிய நமது குட்டி யானை, சைக்கிளில் வந்த ஒரு கொத்தனார் மீது மோதிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கால் எலும்பு முறிந்து, பல மாதம் அவரால் சாரம் ஏற முடியவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது, அவருக்கு நியாயமானது கிடைத்துவிடும் என்று இருந்தோம். வழக்கு இரண்டு வருடம் நடந்தது. கம்பெனி முதலில் அவருக்குப் பணத்தைக் கட்ட வேண்டும், கட்டியதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஓட்டுநருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை என்பதே காரணம். தொகை மூன்றரை லட்சம். மூட்டைக்கு 35 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், பத்தாயிரம் மூட்டை விற்ற லாபம். அரை நாள் லீவுக்கு நாம் கொடுத்த விலை இது.

"லைசென்ஸ் ஓட்டுநருடையது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. உரிமம் இல்லாதவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 5-வது பிரிவு உரிமையாளரைத்தான் கட்டுப்படுத்துகிறது. மீறினால் 180-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவர் மேல் தனி வழக்கு.

வேலைக்குச் சேர்க்கும்போது ஒரு முறை பார்த்தால் போதும் என்று இருப்பதும் தவறு. 2020 செப்டம்பரில் ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஓட்டுநரின் உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவரே விபத்தில் காயம்பட்டார். அவருக்கான இழப்பீடு உரிமையாளர் தலையில் விழுந்தது. உரிமம் உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிப்பதும் உரிமையாளரின் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் முப்பது நாள் உரிமம் செல்லும் என்ற சலுகை இருந்தது. இன்றும் பலர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. தேதி முடிந்த மறுநாளே அது வெறும் அட்டை.

அதே திருத்தத்தில் நமக்கு நன்மையும் உண்டு. முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஆகவே தீபாவளி நெருக்கடியில் ஓட வேண்டியதில்லை. வியாபாரம் மந்தமான ஆடி மாதத்தில் அனுப்பிவிடலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டாலோ மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். லாரி போன்ற போக்குவரத்து வாகன உரிமம் இப்போது ஐந்து ஆண்டு செல்லும். மற்ற உரிமங்கள் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் எடுத்தால் பத்து ஆண்டு, ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்து ஐந்து ஆண்டு. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்கு இலகு ரக வாகன உரிமமே போதும், தனி பேட்ஜ் தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அந்த உரிமமும் தேதியோடு இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஊருக்கு உபதேசம் செய்கிற நமது நிலையையும் சொல்லிவிடுகிறோம். விபத்துக்குப் பிறகு நமது சொந்த லைசென்ஸைத் தேடி எடுத்துப் பார்த்தோம். 2021 மே மாதமே முடிந்திருந்தது. கொரோனா காலத்தில் 2021 அக்டோபர் 31 வரை அரசு நீட்டித்தது. அதோடு நாமும் மறந்துவிட்டோம். அறுபதைத் தாண்டிய வயதில், பேரன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மொபெட்டில் எட்டுப் போட்டோம்.

நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் சான்று வேண்டும். புரோக்கரிடம் கொடுத்தால் டாக்டரைப் பார்க்காமலே அது வந்துவிடும் என்று சொன்னார்கள். நாம் நேரில் போனோம். வலது கண்ணில் புரை என்று அன்றுதான் தெரிந்தது. சிகிச்சை முடியும் வரை இரவில் வண்டி எடுக்கவில்லை. காசு கொடுத்துச் சான்று வாங்கியிருந்தால், அந்தக் கண்ணோடு இன்னொரு கொத்தனார் மேல் நாமே மோதியிருப்போம். சான்று ஒரு சடங்கு அல்ல என்பதை அப்போது உணர்ந்தோம்.

வணிகர்களாகிய நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. தராசு முத்திரை, வண்டியின் எப்.சி., இன்சூரன்ஸ் தேதி எழுதும் அதே நோட்டில் ஓட்டுநரின் லைசென்ஸ் தேதியையும் எழுதுவோம். ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கடையில் வைப்போம். லீவு கேட்கும் வரை காத்திராமல், சம்பளத்தோடு ஒரு நாள் லீவும், கட்டணமும் கொடுத்து அனுப்புவோம். ஒரு மூட்டைப் பருப்பின் விலையில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்.

நமது சங்கமும் ஆண்டுக்கு ஒரு நாள் ஆடி மாதத்தில் முகாம் நடத்தலாம். ஒரு கண் டாக்டரையும், இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரிந்த ஒரு பிள்ளையையும் சங்கக் கட்டிடத்தில் உட்கார வைத்தால் போதும். முதலாளி, ஓட்டுநர் இருவருமே பயன் பெறுவார்கள். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

கொத்தனார் இப்போது வேலைக்குப் போகிறார், ஆனால் உயரத்தில் ஏறுவதில்லை. நமது ஓட்டுநர் இன்றும் நம்மிடம்தான் இருக்கிறார். ஆயுத பூஜையன்று அவருடைய லைசென்ஸையும் தாம்பாளத்தில் வைக்கிறோம். சந்தனம் வைப்பதற்கு முன் தேதியைப் படிக்கிறோம்.