கிர் சிங்கம்: தலைக்கணக்கு காட்டி ஏமாற்றுவதா?

2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முடிந்ததும் குஜராத்தில் 891 சிங்கங்கள் இருப்பதாக மேளம் கொட்டினார்கள். 2015-இல் 523, 2020-இல் 674, இப்போது 891! ஆசியச் சிங்கம் மீண்டுவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்பதுதான் இந்த மேளத்தின் அர்த்தம்.

சிங்கம் பெருகியது நல்ல செய்திதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மில்லில் எத்தனை ஸ்பிண்டில் ஓடுகிறது என்று எண்ணினால் மட்டும் நூலின் உறுதி தெரிந்துவிடுமா? பஞ்சு மட்டமானால் ஆயிரம் ஸ்பிண்டில் ஓடினாலும் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். மேளம் கொட்டும் கனவான்களுக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் மறைக்கிறார்கள்.

அவர்கள் மறைப்பது என்ன?

ஒரு கைப்பிடி வம்சம்

ஒரு காலத்தில் இந்தச் சிங்கம் மேற்காசியாவிலிருந்து பீகார் வரை பரவியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களும் சமஸ்தான ராஜாக்களும் வேட்டையாடித் தீர்த்தார்கள். காடுகளும் சுருங்கின. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சௌராஷ்டிரத்தில், ஜுனாகத் நவாபின் கிர் காட்டில் மட்டுமே சிங்கம் மிஞ்சியது. அவையும் சில டஜன்களே. இருபதுக்கும் கீழே என்று சொன்னவர்களும் உண்டு. இன்று காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஆசியச் சிங்கம் ஒவ்வொன்றும் அந்த ஒரு கைப்பிடிச் சிங்கங்களின் வம்சம்தான்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கிடை போடும் கீதாரியைக் கேளுங்கள். ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் மந்தையில் விட்டுவைக்க மாட்டார். அது தன் குட்டிகளையே சேரும். பிறகு பிறக்கும் குட்டிகள் நோஞ்சானாகும், செத்துப் பிறக்கும். ஆகவே பக்கத்து மந்தைக்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்வார். காலேஜ் படிக்காத கீதாரிக்குத் தெரிந்த இந்த உண்மையைத்தான் விஞ்ஞானிகள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு ஜீவனும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஜீன்களை இரட்டையாகப் பெறுகிறது. தாய்வழி வந்த ஜீன் பழுதாக இருந்தாலும் தகப்பன்வழி வந்த நல்லது பெரும்பாலும் அதை மூடிக் காப்பாற்றிவிடும். இருவரும் ஒரே கால்வழி என்றால் இருவரிடமும் அதே பழுது ஒளிந்திருக்கும். குட்டிக்கு இரண்டும் பழுதாகவே வந்து சேரலாம். சொந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் கட்டுவதை டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

1987-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மூன்று இடத்துச் சிங்கங்களின் விந்தணுக்களைப் பரிசோதித்தது. ஆப்பிரிக்காவின் பரந்த செரெங்கெட்டி வெளியில் வாழும் சிங்கங்களில் சுமார் கால்வாசி அணுக்கள் பழுது. அதன் அருகிலுள்ள கோரோங்கோரோ மலைக்குழியில் அடைபட்டு வாழும் சிங்கங்களில் சுமார் பாதி பழுது. 1962-இல் கடி ஈக்களின் கொள்ளையால் அங்கே 9 பெண்ணும் ஓர் ஆணுமே மிஞ்சின. பிறகு வெளியிலிருந்து 7 ஆண்கள் வந்து சேர்ந்தன. அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகளே அவை. கிர் சிங்கத்தில்? மூன்றில் இரண்டு பங்கு பழுது! வம்சம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு பழுது. 891 என்ற எண்ணிக்கை இதை மாற்றிவிடாது. எண்ணிக்கை பெருகியதால் மிஞ்சியிருக்கும் வேறுபாடு இன்னும் வேகமாகக் கரையாமல் காப்பாற்றப்படும், அவ்வளவே. கரைந்துபோனது திரும்பாது.

அந்த 891-லும் எல்லாமா வம்சம் தருகின்றன? குட்டிகளையும் கிழடுகளையும் தள்ளுங்கள். ஆண்களிலோ ஒரு கூட்டத்தைக் கைப்பற்றியவை மட்டுமே தகப்பனாகின்றன. ஓர் இனம் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், தங்கள் ஜீன்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் ஜீவன்கள் மட்டுமே 500 வேண்டும் என்று 1980-இல் விஞ்ஞானி பிராங்க்ளின் கணக்குச் சொன்னார். அதுவும் போதாது என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒரே பூட்டு, ஒரே சாவி

"பழுது, பழுது என்கிறீர்களே! சிங்கம் பெருகிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று எதிர்க்கேள்வி போடுவார்கள். நல்ல மழையில் ஓட்டை வள்ளத்தையும் வயலில் மிதக்கவிடலாம். கடலில் விட்டால்தான் சங்கதி தெரியும். வேறுபாடு வற்றிப்போனதன் பலன் சாதாரண நாளில் தெரியாது. கொள்ளை நோய் வரும் நாளில் தெரியும்.

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? ஆயக்கட்டு முழுவதும் ஒரே ரக நெல்லை நட்டால், அதை வெல்லும் ஒரு பூச்சி அத்தனை வயலையும் வெல்லும். 1970-களில் ஆசிய நாடுகளின் நெல்லை ஒரு குட்டை வைரஸ் தாக்கியபோது பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தது. தடுக்கும் சக்தி உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல்லில்தான் கிடைத்தது! அந்தப் புல்லும் அழிந்திருந்தால்?

மிருகங்களிலும் இதேதான். சீட்டா என்னும் சிவிங்கிப்புலி இப்படி வேறுபாடு வற்றிய ஜாதி. ஒன்றின் தோலை வெட்டி, உறவில்லாத இன்னொன்றின் மேல் ஒட்டினால்கூட உடம்பு தள்ளவில்லை. அவ்வளவு ஒரே அச்சு! 1980-களின் துவக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் ராஜ்யத்தில் ஒரு பூங்காவுக்குள், பூனை இனத்தைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்று புகுந்தது. அங்கிருந்த சீட்டாக்களில் பாதிக்கு மேல் மாண்டன. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதாதா?

1994-இல் செரெங்கெட்டிக்கு டிஸ்டெம்பர் வைரஸ் வந்தது. நாய்களிடமிருந்து பரவும் நோய் அது. சுமார் 3,000 சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. பரந்த வெளி, பல கூட்டங்கள், வேறுபாடும் மிகுதி. ஆகவே அந்த இனம் மீண்டது. 2018 செப்டம்பரில் அதே வைரஸ் கிர் காட்டின் கிழக்கே தல்கானியா வட்டாரத்தில் தலைகாட்டியது. சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி மருந்து வரவழைத்தார்கள். அந்தத் தடவை ஒரு வட்டாரத்தோடு நின்றது. அடுத்த தடவையும் நிற்கும் என்று எந்த மந்திரி ஜாமீன் கொடுக்கப்போகிறார்?

பரிகாரம் தெரியாததா?

பரிகாரம் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பூமா என்னும் காட்டுப்பூனை இனம் 20, 30 என்ற அளவுக்குச் சுருங்கிற்று. வால் முறுக்கியது, இதயத்தில் ஓட்டை, விதை இறங்காத ஆண்கள் என்று சொந்தக் கலப்பின் அத்தனை லட்சணமும் தெரிந்தது. 1995-இல் டெக்ஸாசிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புது ரத்தம் கலந்தது, குறைகள் குறைந்தன, கூட்டம் நூறைத் தாண்டியது. கீதாரி கிடா மாற்றிய கதைதான்.

ஆனால் கிர் சிங்கத்துக்கு மாற்றிக்கொள்ளப் பக்கத்து மந்தை இல்லை. பாரசீகத்தில் கடைசிச் சிங்கங்கள் 1940-களோடு மறைந்துவிட்டன. ஆகவே செய்யக்கூடியது ஒன்றே: கிர் நோய் எட்டாத தூரத்தில் இரண்டாவது வீடு. அங்கே போதுமான சிங்கங்களைக் குடியேற்றி, ஆண்டுக்கு ஆண்டு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சிலவற்றை மாற்றி, உள்ள வேறுபாட்டையாவது காப்பது. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டிவைக்கும் விவசாயி உண்டா?

இதற்காகத்தான் 1990-களில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இடம் தேடி, மத்தியப் பிரதேசம் ஷியோபூர் ஜில்லாவிலுள்ள குனோ காட்டைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு விலை கொடுத்தது யார்? 1998 முதல் 2003 வரை 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். சுமார் 1,500 குடும்பங்கள். பெரும்பாலோர் சஹரியா ஆதிவாசிகள். "சிங்கம் வருகிறது, நகருங்கள்" என்றார்கள். காட்டுப் பிசின் எடுத்து விற்ற பிழைப்பை இழந்து அந்த ஜனங்கள் நகர்ந்தார்கள்.

சிங்கம் வந்ததா? இல்லை! குஜராத் சர்க்கார் தர மறுத்தது. சிங்கம் எங்கள் குடும்ப அங்கத்தினர் என்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியது. 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: எந்த ராஜ்யமும் சிங்கத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாது, அந்த இனத்தின் நலனே முக்கியம், ஆறு மாதத்துக்குள் குனோவுக்கு அனுப்புங்கள். ஆறு மாதம் பத்து ஆண்டுக்கு மேல் நீண்டது. கமிட்டி கூடியது, பேசியது, கலைந்தது. ஒரு சிங்கம்கூடக் கிர் காட்டிலிருந்து குனோவுக்குப் போகவில்லை.

குடும்பமாம்! குடும்பத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பதுதானே இங்கே பிரச்னை?

சப்பைக்கட்டுகள்

1957-இல் உத்தரப் பிரதேசம் சந்திரபிரபா காட்டில் செய்து பார்த்துத் தோற்றாயிற்றே என்கிறார்கள். அங்கே விட்டது எத்தனை? ஓர் ஆண், இரண்டு பெண். அந்த மூன்று 11 ஆகப் பெருகி, பிறகு மறைந்தன. மூன்றை விட்டுவிட்டுக் கைகழுவியது குற்றமா, இடமாற்றம் குற்றமா?

மத்தியப் பிரதேசம் பன்னா காட்டில் புலியைப் பறிகொடுத்ததே என்கிறார்கள். ஆம், 2009-இல் அங்கே ஒரு புலியும் இல்லை. அது வெட்கக்கேடுதான். ஆனால் வேறு காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்துதான் அதே பன்னாவில் மறுபடி டஜன் கணக்கில் பெருக்கினார்கள். இது இடமாற்றத்துக்கு ஆதரவான சாட்சியா, எதிரான சாட்சியா?

பர்தா காட்டையே இரண்டாவது வீடாக்குகிறோம் என்கிறார்கள். பர்தா எங்கே இருக்கிறது? அதே சௌராஷ்டிரத்தில்! 2023-இல் ஒரு சிங்கம் தன் காலாலேயே நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. சிங்கம் நடந்து போகும் தூரத்தை நோய் கடக்காதா? 2025 கணக்குப்படி பாதிக்கு மேற்பட்ட சிங்கங்கள் கிர் காப்பகத்துக்கு வெளியே, வயலும் கிணறும் ரயில்பாதையும் தெருநாயும் உள்ள இடங்களில் திரிகின்றன. அதே கூரையின் அடுத்த அறையை இன்னொரு வீடு என்று சொல்வது பச்சைப் புளுகு.

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று. நாட்டுக்குள்ளேயே இருக்கும் சிங்கத்தைக் குனோவுக்குக் கொண்டுவர முடியாதாம். ஆனால் கடல் தாண்டி ஆகாய விமானத்தில் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 எனச் சீட்டாக்களை அதே குனோவில் இறக்க முடிந்தது! இரண்டு தேசத்திலிருந்து எடுத்தால் வேறுபாடு கூடும் என்ற பாடம் சீட்டாவுக்குப் பயன்படுகிறது. சிங்கத்துக்கு மட்டும் பயன்படாதா? 24 கிராமத்து ஜனங்களிடம் ஒரு மிருகத்தின் பேரைச் சொல்லி நிலத்தை வாங்கி, வேறொரு மிருகத்தை அங்கே விட்டு வேடிக்கை காட்டுவது எந்த நியாயம்?

சௌராஷ்டிர ஜனங்கள்மீது நமக்கு வருத்தமில்லை. எருமையைப் பறிகொடுத்தும் சிங்கத்தைப் பொறுத்து வாழ்ந்தவர்கள் மால்தாரி மேய்ப்பர்கள். அந்த நன்றிக்குப் பதிலாக 1970-களில் அவர்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் காட்டைவிட்டு வெளியேற்றினார்கள். கிர் காட்டிலும் குனோவிலும் சிங்கத்துக்காக இடம் விட்டவன் ஏழை. சிங்கத்தின் பேரால் பெருமை கொண்டாடுபவனோ வேறொருவன்.

நம் கோரிக்கை

ஆகவே நாம் கேட்கிறோம்:

சுப்ரீம் கோர்ட்டின் 2013 தீர்ப்பை அமல் நடத்து! இரண்டு, மூன்று சிங்கங்களை அனுப்பிக் கண்துடைப்பு செய்யாதே; வெவ்வேறு கூட்டங்களிலிருந்து தேர்ந்து அனுப்பு, ஆண்டுதோறும் மாற்று!

தலைக்கணக்கோடு வம்சக் கணக்கையும் வெளியிடு! எத்தனை சிங்கம் என்று மட்டுமல்ல, எவ்வளவு வேறுபாடு மிஞ்சியிருக்கிறது என்றும் ஜனங்களுக்குச் சொல்!

கிர் சுற்றுக் கிராமங்களில் நாய்களுக்கும் மாடுகளுக்கும் இலவசமாகத் தடுப்பூசி போடு!

குனோவிலிருந்து வெளியேற்றிய சஹரியா குடும்பங்களுக்கும் கிர் மால்தாரிகளுக்கும் நிலமும் நஷ்டஈடும் கொடு! இனி ஒரு குடிசையைக்கூடப் பலவந்தமாகப் பிடுங்காதே!

891 என்று மேளம் கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நோய், ஒரே காடு, ஒரே வம்சம்: இந்த மூன்றும் சேரும் நாளில் எண்ணிக்கை கைகொடுக்காது. அதற்குள் இரண்டாவது வீட்டின் கதவைத் திறங்கள்!