கள்ள மரக்கால்

தஞ்சைத் தரணியிலே பண்ணைக்கு இரண்டு மரக்கால் இருந்த காலம் ஒன்று உண்டு என்பார்கள் நம் பெரியவர்கள். குத்தகை நெல்லை வாங்குவதற்கு ஒன்று. கூலி நெல்லை அளப்பதற்கு மற்றொன்று. முன்னதற்கு வயிறு பெருத்திருக்கும். பின்னது அடி மேடிட்டிருக்கும். இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான்! களத்துமேட்டிலே கைகட்டி நின்ற உழவன் அதைக் கண்டான், வாய் திறக்கவில்லை. திறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணிக் குடிசையிலே 44 உயிர்கள் கருகினவே, அந்தக் கொடுமைக்கு முன்கதை என்ன? கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதுதான்! அளவுக்காக இவ்வளவு விலை கொடுத்த மண், தோழர்களே, இந்த மண்.

அந்த மண்ணின் பிள்ளைகள் கையிலே இன்று இருப்பது வேறொரு மரக்கால். மதிப்பெண் பட்டியல் என்று அதற்குப் பெயர்.

2020 மார்ச்சில் கொரோனாக் கொடுநோய் பள்ளிக் கதவையும் கல்லூரிக் கதவையும் அடைத்தது. வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. தேர்வும் அதன் பின்னாலேயே புகுந்தது. வினாத்தாள் கைப்பேசியிலே வரும். வீட்டிலே அமர்ந்து தாளிலே விடை எழுதி, படம் பிடித்து அனுப்ப வேண்டும். 2022 பிப்ரவரிப் பருவத் தேர்வு வரையிலே இந்த ஏற்பாடு இருந்தது. கண்காணிப்பாளர் யார்? சுவரிலே மாலையோடு தொங்கும் பாட்டனார் படம்!

மகன் எழுதிக்கொண்டிருக்கிறான். பக்கத்திலே புத்தகம் விரிந்து கிடக்கிறது. நண்பர் குழுவோ கைப்பேசியிலே விடைகளைக் கொட்டுகிறது. நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வருகிறாள் தாய்.

"பரீட்சைக்குப் படிக்கிறாயா, தம்பி?"

"இல்லை அம்மா, பரீட்சையே எழுதுகிறேன்."

"புத்தகத்தைப் பார்த்தா?"

"எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அம்மா."

"அப்படியானால் மார்க்கு உனக்கா, புத்தகத்துக்கா?"

நாடகக்காரன் கற்பனை என்று இதை ஒதுக்குவோர் ஒதுக்கட்டும். திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரையில் அந்த ஆண்டுகளிலே படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், தலைகுனிந்து சிரிப்பார்கள்.

மாணவன்மீது மட்டும் பழி சுமத்துவோர் வரிசையிலே நிற்க நான் ஆயத்தமாக இல்லை. வீட்டுக்கு ஒரு கைப்பேசி; அதுவும் தந்தையின் சட்டைப்பையிலே வயலுக்குப் போய்விடும். இணைப்பைத் தேடிக் குளக்கரைக்கும் கோயில் மதிலுக்கும் அலைந்த பிள்ளைகள் எத்தனை பேர்! 2021 நவம்பரில் மதுரையிலும் பிற ஊர்களிலும் மாணவர்கள் தெருவுக்கு வந்து, இணையத்திலே நடத்திய பாடத்துக்கு இணையத்திலேயே தேர்வு வையுங்கள் என்று முழங்கினார்களே, அதிலே பாதி நியாயம் இருந்தது. மறுபாதி என்ன என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அண்ணா பல்கலைக்கழகம் அதே ஆண்டின் தொடக்கத்திலே வேறொரு வழி கண்டது. கணினிக்குக் கண் கொடுத்தது. தலை திரும்பினால் ஐயம்; வேறு குரல் கேட்டால் ஐயம். பல மாணவரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. குற்றமற்ற நாங்களும் சிக்கினோம் என்ற ஓலம் எழுந்தது. மே மாதத்திலே மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. பொறி வைத்துப் பிடிப்பது நேர்மையைக் கற்பிக்கும் வழியன்று என்பதை அறிய ஒரு பருவம் செலவாயிற்று!

இதனால் இழந்தவர் யார்? மதிப்பெண் பட்டியல் பொய்த்தால் பண்ணையார் பேரனுக்கு நிலம் இருக்கிறது, மாமன் கம்பெனி இருக்கிறது, பரிந்துரைக் கடிதம் இருக்கிறது. நிலமில்லாதவன் மகளுக்கு அந்தத் தாள்தான் நிலம், அதுதான் பட்டா. 'நீ யார் மகள்?' என்று கேட்ட உலகத்தை, 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்க வைத்தோம். வேலை கேட்டுப் போன இடத்திலே, 'ஓ, கொரோனா பேட்ச்சா?' என்று உதட்டைப் பிதுக்கினார்களே, அந்தக் கணத்திலே பழைய கேள்வி திரும்பி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. பாராமல் எழுதிய பெண்ணும் பார்த்து எழுதியவனோடு சேர்த்தே எள்ளப்பட்டாள். இந்தக் கொடுமையைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை.

2006இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வை ஒழித்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றோம். 2017இல் நீட் வந்து மருத்துவக் கல்லூரி வாயிலிலே நந்தியாய்ப் படுத்தது. உங்கள் அளவையை நம்புவதற்கில்லை என்பதுதானே அவர்களுடைய வாதம்? அவர்களுடைய பொன் மரக்காலின் பெருமையையும் பார்த்தோம். 2019இல் தேனி மருத்துவக் கல்லூரியிலே ஆள்மாறாட்டம் வெளிவந்தது. 2024இல் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. நன்றாகவே இடித்துரைத்தோம். ஆனால் அவர்கள் மரக்காலில் ஓட்டை இருப்பதால் நம் மரக்கால் நிறைந்துவிடுமா?

தேர்வே குருட்டுத் தேர்வு, அதற்கு எதற்கு நேர்மை என்பார் உளர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே சேர்ந்த இராமானுஜன், கணக்கல்லாத பாடங்களிலே தேறாமல் உதவித்தொகையை இழந்தார், 1907இல் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். தேர்வு குருடுதான், மறுப்பாரில்லை! ஆயினும் 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை மறைக்காமல் எழுதினார். (கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்த என் போன்றோர் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம், கணக்கு வராது என்பது வேறு செய்தி!)

நோய் போயிற்று, பழக்கம் போகவில்லை. வீட்டுப்பாடம் இன்றும் கைப்பேசி வழியே வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கேட்ட மாத்திரத்திலே கட்டுரையை எழுதித் தரும் பொறியும் கைக்கு வந்துவிட்டது. தடுப்பதெப்படி? சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பிலே பாடம் இணையத்திலே. தேர்வோ மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். அது நல்ல வழி. வீட்டிலிருந்து எழுதி வரும் கட்டுரைக்கு ஐந்து நிமிடம் வாய்மொழிக் கேள்வி கேட்டால் எழுதியவன் மகனா, பொறியா என்பது தெரிந்துவிடும். அதற்கு ஆசிரியர் வேண்டும். அரசுக் கல்லூரிகளிலே காலி இடங்களை நிரப்பச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

இன்னொரு வேலையும் நம்முடையதே. பூட்டிக் கிடக்கும் படிப்பகம் உங்கள் ஊரிலே எது என்று உங்களுக்குத் தெரியும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும். அதை வாங்குங்கள். மேசை, விளக்கு, இணைய இணைப்பு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: இவ்வளவு போதும். சம்பா நடவு முடிந்து பருவத் தேர்வு வருவதற்குள், மாலை ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கட்டும்.