ஓய்ந்த கால்களும் ஓயாத இதயமும்

மூன்று நான்கு வயதுச் சிறுவன் அடிக்கடி விழுகிறான். எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் திரண்டு பருத்திருக்கிறது. இவை டுஷேன் தசைச்சிதைவு நோயின் அடையாளங்களாய் இருக்கக்கூடும். ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு வரும் இப்பிறவி நோயில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் உருவாவதில்லை. 12 வயதையொட்டிப் பெரும்பாலோர் நடையை இழக்கின்றனர்.

கால்கள் தளர்வதைக் காணும் நாம், இதயமும் தசையே என்பதை மறந்துவிடுகிறோம். படியேறி மூச்சிரைத்தால் நமக்கு ஐயம் பிறக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பிள்ளையோ ஏறுவதுமில்லை, ஓடுவதுமில்லை. ஆகவே அவன் இதயம் நலிவது வெளியே தெரிவதில்லை. பாத்தியில் நீர் தெளிந்து நிற்கும்போதே அடியில் உப்புப் படியத் தொடங்குவதை மரக்காணத்தார் அறிவர். இதயத் தசையில் வடு விழுவதும் அவ்வாறே.

எனவே அறிகுறிக்குக் காத்திராமல், நோய் உறுதியானவுடனும் அதன்பின் ஆண்டுதோறும் ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகள் செய்வித்தல் வேண்டும். எக்கோவில் புலப்படாத வடுவையும் எம்.ஆர்.ஐ. காட்டக்கூடும். இதயச் சுமையைக் குறைக்கும் மாத்திரையைப் 10 வயதுக்குள் தொடங்குவதே நலம் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. பிரான்சில் இதயச் செயல் நன்றாயிருந்த 57 சிறுவரிடம் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2007-இல் வெளியாயிற்று. முதலிலிருந்தே பெரிண்டோபிரில் மாத்திரை பெற்ற 28 பேரில் 26 பேர் உயிருடன் இருந்தனர். மூன்றாண்டு தாமதித்துப் பெற்ற 29 பேரில் 19 பேரே எஞ்சினர். நோய் முற்றும் நீங்காது. ஆயினும் வாழ்நாள் நீளும்.

தாய்மார்க்கும் ஒரு சொல். இந்நோய்க் கூறு பெரும்பாலும் தாய்வழி வருவது. அது சாபமன்று, எவர் குற்றமுமன்று. அக்கூற்றைத் தாங்கும் தாயின் இதயமும் நாளடைவில் நலியக்கூடும். உப்புச் சுமக்கும் பெண் தன் இளைப்பை வேலைக் களைப்பென்றே எண்ணிக்கொள்வாள். மகனுடன் அவளும் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

மரக்காணத்திலிருந்து புதுவை ஜிப்மர் மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆனால் நடக்கவியலாத பிள்ளையைத் தூக்கிப் பேருந்தேற்றுவதும், ஒரு நாள் கூலியை இழப்பதும் ஏழைக் குடும்பத்துக்கு எளிதன்று. நம் பங்கில் அத்தகைய இல்லம் இருக்குமாயின், ஆண்டில் அந்த ஒரு நாள் ஒரு வண்டியும் ஒரு துணையாளும் தர நம்மால் இயலாதா?