கோளாறு சீட்டில்தான், அண்ணியிடம் இல்லை

மூன்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு சைக்கிள் மிதித்த அண்ணி, நான்காவது ஞாயிறு வாசலுக்கே வரவில்லை. "தலைவலிம்மா, நீ போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அடுத்த வாரம் துணி துவைக்க வேண்டுமாம். அதற்கடுத்த வாரம் கோயிலில் உபயமாம்.

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். இது சாக்கு என்று எனக்குப் புரியாதா? சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபமும் வந்தது. ஏனென்றால் அண்ணி பொழுதுபோக்குக்காக மிதிக்க வரவில்லை. அவருக்கு 46 வயது. போன வருடம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, இனிப்புநீர் என்று சொல்லிவிட்டார்கள்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடம்தான் அது ஆக அதிகம். உங்கள் வீட்டிலும் ஒருவர் மாத்திரை டப்பாவோடு இருப்பார்.

அண்ணிக்கு முட்டி வலியும் உண்டு. நடப்பது சிரமம் என்றதும், சைக்கிள் மிதிக்கலாம் என்றார் டாக்டர். பல்கலைக்கழகம் போன மகன் வீட்டில் விட்டுப்போன மலைச் சைக்கிள் ஒன்று சும்மா நின்றது. தெலுக் பங்லிமா காராங்கில் இருப்பவர்களுக்கு இடத்துக்கா பஞ்சம்? லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித்தீவு. ஏற்றமே இல்லாத சமதரை, இரண்டு பக்கமும் செம்பனை. மஹ் மெரி மக்கள் வாழும் சுங்கை பும்புன் வரை தார்ச்சாலையிலேயே போகலாம். தோட்டப் பாதைக்குள் இறங்குவதென்றால் மட்டும் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

ஏழாவது வாரம் சமையலறையில் அண்ணியைப் பிடித்துவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உட்கார முடியலம்மா. கொஞ்ச தூரம் போனாலே கீழே மரத்துப் போயிடுது. தோலெல்லாம் உரசிப் புண்ணாயிடுச்சு. இதையெல்லாம் உங்க அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது மெதுவாகத்தான். போதாக்குறைக்கு, "வலிக்குதா அண்ணி? மெத்துன்னு இருக்கும்" என்று இரண்டாவது வாரமே ஒரு ஜெல் உறை வாங்கி சீட்டில் மாட்டியவளே நான்தான்!

அந்த இடத்தில்தான் நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். மெத்தென்று இருந்தால் வலிக்காது என்று நினைக்கிறோம். நாற்காலியில் உட்காரும்போது நம் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். கட்டையான பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் குத்துமே, அவைதான். சைக்கிள் சீட்டிலும் எடை அந்த இரண்டு எலும்பின் மேல்தான் நிற்க வேண்டும். சீட் ஒடுக்கமாக இருந்தால் எலும்பு விளிம்புக்கு வெளியே போய்விடும். நடுவில் உள்ள மென்மையான பகுதி எல்லாப் பாரத்தையும் சுமக்கும். ஜெல் அதிகமாக இருந்தாலோ, எலும்பு அதில் அமிழ்ந்துவிடும், நடுப்பகுதி பிதுங்கி மேலே அழுத்தும். நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குவதால்தான் மரத்துப் போகிறது.

குதிரை ஓட்டுபவர்கள் சேணத்தை அளவு பார்த்துத்தான் வாங்குவார்கள். அது பொருந்தாவிட்டால் குதிரையின் முதுகு புண்ணாகும். சைக்கிளில் புண்படுவது நாம். இரண்டுக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1866-இல் குதிரைச் சேணச் சாமான் செய்யும் கடை வைத்தவர் ஜான் புரூக்ஸ். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோக, ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினாராம். சீட் தந்த வேதனையில், இதைவிட நல்லதாக நானே செய்கிறேன் என்று கிளம்பி, 1882-இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். புரூக்ஸ் தோல் சீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டப் போன காலத்தில் அப்படியொரு தோல் சீட்டில்தான் போனார். அடியில் சுருள் கம்பி, மேலே இழுத்துக் கட்டிய கெட்டித் தோல். பஞ்சு என்று எதுவுமே கிடையாது. "குத்தலையாப்பா?" என்று கேட்டேன். "முதல்ல குத்தும். அப்புறம் நம்ம உடம்புக்குத் தக்கபடி குழி விழுந்துடும்" என்றார். அகலமான சீட், நிமிர்ந்து உட்காரும் சைக்கிள், கெட்டியான தோல். மூன்றும் பொருந்தியிருந்திருக்கின்றன.

இனி அண்ணிக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காசு ஆகாததிலிருந்து தொடங்கினோம்.

முதலில் உயரம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை மிதியில் வைத்து, மிதி கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. மகனின் உயரத்துக்கு இருந்த சீட்டில் அண்ணி ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறார். உரசல் அதனால்தான். கைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியை வைத்துப் பார்த்தால், சீட்டின் மூக்கு மேல் நோக்கி இருந்தது. அதையும் மட்டமாக்கினோம். அதிகம் கீழே சாய்த்தாலும் ஆள் முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் கைக்குப் போய்விடும்.

அடுத்தது டயர். கல்பாதையில் கட்டையாகக் காற்றடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், குறைந்த பக்கமாக வைத்தோம். குழி வந்தால் மிதியை அழுத்தி லேசாக எழுந்துகொள்ளச் சொன்னேன்.

பிறகு உடை. ஜீன்ஸ் தையல் உரசும். அடியில் திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் போட்டு, மேலே தளர்வான டிராக் பேண்ட் போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. அண்ணியின் பாதிக் கூச்சம் அதோடு போனது.

கடைசியில்தான் சீட். தடித்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் படிக்கட்டில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து குதிகாலைத் தூக்குங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்துகொள்ளுங்கள். லேசாகச் சாய்ந்து ஓட்டுபவர்கள் அதோடு 20 முதல் 25 மில்லிமீட்டர் கூட்டுங்கள். நிமிர்ந்து ஓட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். அதுதான் உங்கள் சீட்டின் பின்பக்க அகலம். அண்ணிக்கு 128 வந்தது. பழைய சீட்டோ 135. மகனுக்குப் பொருந்தியிருக்கலாம். பெண்களுக்குப் பொதுவாக இந்த எலும்புகள் சற்று அகன்றிருக்கும். ஆனாலும் ஆணோ பெண்ணோ, அளந்து பார்த்தே வாங்குங்கள்.

160 அகலத்தில், நடுவில் பள்ளம் விட்ட, அழுத்தினால் விரல் உள்ளே போகாத கெட்டி சீட் ஒன்றை 70 வெள்ளிக்கு வாங்கினோம். அதைவிட மூன்று மடங்கு விலையில் மெத்தை மாதிரி ஒன்றும் இருந்தது. அண்ணி அதை ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெல் உறை இப்போது என் வானொலி நாற்காலியில் இருக்கிறது.

புண் ஆறும்வரை இரண்டு வாரம் காத்திருந்தோம். புதிய சீட்டில் முதல் சில நாள் எலும்பு வலிக்கத்தான் செய்யும், அது பழகிவிடும். மரத்துப் போவது மட்டும் பழக வேண்டிய வலி அல்ல. இறங்கி நின்று சீட்டைச் சரிசெய்யுங்கள். இறங்கிய பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். இனிப்புநீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், நீண்ட தூரம் மிதிக்கும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன ஞாயிறு பாலத்தைத் தாண்டி, செம்பனை நிழலில் நான் மூச்சு வாங்கி நின்றபோது அண்ணி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் அவருக்கு ரத்தப் பரிசோதனை. எண் என்ன வருமோ, இருவருக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் மணி அடித்தது அண்ணியின் சைக்கிள்.

உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் சும்மா நின்றால், அதை ஓட்டியவரிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தலைவலி என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.