தக்காளியும் விமான டிக்கெட்டும்

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் பொழுது சாயும் நேரத்தில் நின்று பாருங்கள். தேங்கிப்போன கூடையைக் குடியானவன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போவான். வைத்திருந்தால் அழுகிவிடும். விமானத்தின் காலி ஆசனமும் அழுகும் சரக்குத்தான். வண்டி கிளம்பிவிட்டால் அதைக் காலணாவுக்கும் விற்க முடியாது. ஆனால் அங்கே மட்டும் நேரம் நெருங்க நெருங்க விலை ஏறுகிறதே, ஏன்?

கடைசி நேரத்தில் டிக்கெட் வாங்குகிறவர்களில் சாவு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஓடுகிறவனும் உண்டு. என்ன கேட்டாலும் கொடுப்பான். தர்மபுரியில் என் நண்பர் ஒருவர் காலமானபோது, டில்லியிலிருந்த மகன் ஒரு மாதச் சம்பளத்தை டிக்கெட்டுக்குக் கொடுத்துப் பெங்களூரில் இறங்கினான். பிறகு 150 கிலோமீட்டருக்கு மேல் வாடகைக் காரில் வந்தான். கொள்ளி வைக்க வந்து சேர்ந்துவிட்டான். வாங்கிய கடன் தீர ஓராண்டு ஆயிற்று.

"எண்ணெய் விலை அப்படி, நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். அதில் பாதி உண்மை. நம் நாட்டில் விமானச் செலவில் கணிசமான பங்கு எரிபொருளுக்கே போகிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது விமான எரிபொருளை அதில் சேர்க்காமல் விட்டார்கள். மாநில வாட் வரி தமிழ்நாட்டில் நெடுங்காலம் 29 சதவீதம். உடான் திட்ட விமானங்களுக்கு மட்டும் 1 சதவீதம்.

"பஸ்ஸில் போகும் ஏழை டீசலுக்கு வரி கட்டும்போது விமானக்காரனுக்கு என்ன சலுகை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரியை மட்டும் குறைத்தால் அந்தக் காசு பிரயாணிக்கு வந்து சேராது என்றே நானும் சொல்கிறேன். விலையை இறக்குவது போட்டி. 2003இல் காப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் புறப்பட்டு, சில ஆசனங்களை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றது. பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்தன. 2025இலோ உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இண்டிகோ ஒன்றின் கையில். அவ்வாண்டு டிசம்பரில் அது இடறியதும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கட்டணம் வானத்தைத் தொட்டது. சர்க்காரே உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது.

இன்னொரு கதை கேளுங்கள். 2008இல் திறந்த பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தத்தில், மைசூரும் ஹாசனும் நீங்கலாக, 150 கிலோமீட்டருக்குள் வேறு சர்வதேச விமான நிலையம் 25 ஆண்டுகளுக்குக் கூடாதென்று ஒரு ஷரத்து. 2004 வரை தர்மபுரி மாவட்டத்திலிருந்த ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம் அமைப்போமென்று தமிழக அரசு 2024இல் அறிவித்தது. குறுக்கே நிற்பது அந்த ஷரத்து. பாலக்கோட்டைச் சுற்றி வேறு சந்தையே கூடாதென்று எவனாவது எழுதி வாங்கினால் நம் குடியானவன் சும்மா இருப்பானா?

தர்மபுரிக்குப் பக்கத்துச் சேலம் நிலையம் இருக்கிறதே என்பீர்கள். 2018இல் அங்கே வந்த சென்னை விமானம் 2021இல் நின்றது. மறுபடி விமானம் பறந்தது 2023 அக்டோபரில்தான். ஒரே கம்பெனியை நம்பிய ஊரின் கதி இது.

ஆகவே நான் கேட்பது மூன்று. எரிபொருளை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவாருங்கள், குறைந்த வரி டிக்கெட்டில் தெரிகிறதா என்று கணக்குக் கேளுங்கள். ஷரத்தைத் தளர்த்தி ஓசூருக்கு வழி விடுங்கள். கடைசி நேரக் கட்டணத்துக்கு என்றைக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

தக்காளி விற்கிறவன் நஷ்டத்தைத் தலையில் சுமந்து வீடு திரும்புகிறான். டிக்கெட் விற்கிறவன் அடுத்தவன் வீட்டு இழவில் லாபம் பார்க்கிறான். இரண்டுக்கும் வியாபாரம் என்று ஒரே பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.