முப்பத்தைந்து புள்ளி போதுமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் ஒரு பத்திரிகை அலுவலகம் எப்படி இருக்கும் என்பதை நான் நன்கறிவேன். ‘9 ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள் வந்து குவியும். அதிபரின் வாழ்த்து, பெற்றோரின் பூரிப்பு, பாடசாலையின் சாதனை என்று பக்கம் நிறைந்துவிடும். அந்தப் பக்கத்தில் இடம்பெறாத பிள்ளையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். கணிதத்தில் ‘டபிள்யூ’ பெற்ற பிள்ளையை மட்டும் சொல்லவில்லை. ‘எஸ்’ பெற்று, ‘தப்பிவிட்டான்’ என்று வீட்டார் பெருமூச்சு விட்ட பிள்ளையையும் சேர்த்தே சொல்கிறேன்.

35 புள்ளி எடுத்தால் ‘எஸ்’. 50 எடுத்தால் ‘சி’. 75 எடுத்தால் ‘ஏ’. திருகோணமலையில் லிங்கநகர் போன்ற உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்று எண்களில் முதலாவது மட்டுமே தெரியும். ஏனெனில் பாடசாலை அவர்களிடம் பேசுவது அந்த எண்ணைப் பற்றித்தான். பத்தாம் தரம் தொடங்கியதும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஒரு சாரார் ‘ஏ’ எடுக்கக் கூடியவர்கள். மறு சாரார் எப்படியாவது கரையேற்றப்பட வேண்டியவர்கள். இரண்டாம் சாராருக்குச் சொல்லப்படும் உபதேசம் இதுதான்: “தொடைகள், வரைபு, நிகழ்தகவு, புள்ளிவிபரம், இவற்றைச் செய்தால் போதும். கேத்திரகணிதத்தின் பக்கம் போகவே வேண்டாம்.”

இது கருணை போலத் தோன்றும். கருணையல்ல, தீர்ப்பு. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து, உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று பெரியவர்கள் கூடி எழுதிவிடுகின்ற தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடும் கிடையாது.

அந்த 35 புள்ளி எந்தக் கதவைத் திறக்கிறது என்று யாராவது பெற்றோருக்கு விளக்கியிருக்கிறார்களா? அரச சேவைக்கான ஆட்சேர்ப்பு அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். அவற்றுள் பல, கணிதத்தில் திறமைச் சித்தி, அதாவது ‘சி’, கோருகின்றன. பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலை கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு, அதற்கெனச் சலுகையும் இருக்கிறது. ஆனால் அச்சலுகை உயர்தரத்தில் தேறியவருக்கே உரியது. சாதாரண தரக் கணிதத்தோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு அது எட்டாக் கனி.

இனிப் படிக்கும் முறைக்கு வருவோம். மாலை வேளையில் எங்கள் வீதிகளில் நடந்தால் தனியார் கல்வி நிலையங்களின் வாசலில் துவிச்சக்கரவண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். உள்ளே ஆசிரியர் கரும்பலகையில் விறுவிறுவென்று கணக்கைச் செய்கிறார். பிள்ளைகள் அதனைக் கொப்பியில் இறக்குகிறார்கள். கையில் அச்சடித்த ‘ரியூட்’. வீடு திரும்பியதும், “இன்றைக்கு நாலு கணக்குச் செய்தோம்” என்கிறார்கள். இல்லை. நாலு கணக்கையும் ஆசிரியர் செய்தார், பிள்ளை பார்த்தது. இன்னொருவர் நீந்துவதைக் கரையில் இருந்து பார்த்து நீச்சல் பழகியவர் எவரும் கொட்டியாரக் குடாவில் இல்லை.

நம் மொழி இதனை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வரலாறு ‘படி’ என்கிறோம்; கணக்குச் ‘செய்’ என்கிறோம். நாமோ கணக்கையும் படிக்கும் பாடமாக்கிவிட்டோம். கடந்தகால வினாத்தாள்களின் விடைகளை மனனம் செய்வது, இவ்வாண்டு எந்தத் தேற்றம் வரும் என்று ஊகிப்பது, பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் முன்னோடிக் கருத்தரங்கில் நானூறு பேரோடு குந்தியிருப்பது, இவையெல்லாம் கணிதத்தைச் சுற்றி நடக்கும் திருவிழாக்கள். கணிதம் அல்ல. பத்திரிகைகள் மாதிரி வினாத்தாள் அச்சிடுவதும் இத்திருவிழாவில் போடப்படும் இன்னொரு கடைதான்.

ஓர் எளிய சோதனை. துறைமுகத்தின் மறுபுறம் சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டிக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த பெயர் அது. உருளையின் கனவளவுச் சூத்திரம் என்னவென்று பதினோராம் தரப் பிள்ளையிடம் கேளுங்கள், பட்டென்று சொல்லும். பிறகு, உயரம் மாறாமல் தாங்கியின் விட்டத்தை மட்டும் இருமடங்காக்கினால் எத்தனை மடங்கு எண்ணெய் கொள்ளும் என்று கேளுங்கள். இரண்டு மடங்கு என்பார்கள் பலர். நான்கு மடங்கு என்று சொல்லும் பிள்ளை, அந்தச் சூத்திரத்தோடு ஒருநாளாவது தனியே மல்லுக்கட்டிய பிள்ளையாக இருக்கும்.

அந்தத் தாங்கிகளை நான் வேடிக்கைக்காகக் குறிப்பிடவில்லை. மொத்தம் 99. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 61 தாங்கிகள் ஒரு கூட்டு நிறுவனத்திற்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும் ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான இந்திய, இலங்கை, ஐக்கிய அரபு அமீரக உடன்பாடு கைச்சாத்தானது. சம்பூரில் சூரிய மின்நிலையத் திட்டம். இவை நன்மையா தீமையா என்பது வேறு விவாதம். ஆனால் வேலை வரும்போது அளக்கவும், கணிக்கவும், வரைபடம் வாசிக்கவும் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். அவர்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்க, எங்கள் பிள்ளைகள் வாயிற்காவலராக நிற்பதா? அப்போது மண் பறிபோகிறது என்று மேடையில் முழங்கி என்ன பயன்?

“தமிழனுக்குக் கணிதம் இரத்தத்தில் ஊறியது” என்று பெருமை பேசும் கூட்டம் ஒன்று உண்டு. பேராசிரியர் சுந்தரலிங்கத்தையும் பேராசிரியர் எலியேசரையும் சாட்சிக்கு அழைப்பார்கள். இராமானுஜனை அழைக்காமல் விடமாட்டார்கள். இராமானுஜன் கையில் கிடைத்தது கார் என்பவர் எழுதிய, ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவலின்றி அடுக்கிய ஒரு புத்தகம். அவற்றைத் தாமே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார். மேதைமையை விட்டுவிடுங்கள், அந்தச் சிலேட்டைப் பாருங்கள். நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

பிள்ளையின் குற்றமல்லாத குறைகளும் உண்டு. 2020இல் ஆறாம் தரத்திற்குச் சென்ற பிள்ளைக்குக் கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் சிதைந்தன. 2022இல் எரிபொருள் நெருக்கடியால் மீண்டும் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னமும் திசைகொண்ட எண்களும் அட்சரகணிதத்தின் அரிச்சுவடியும் கற்பிக்கப்படும் ஆண்டுகள் அவை. வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் அடுத்த பாடத்தை வாசிக்கலாம். கணிதத்தில் ஒரு படி உடைந்தால் மேற்படிகள் அனைத்தும் அந்தரத்தில் நிற்கும். அத்தகைய பிள்ளைக்குப் பதினோராம் தர வினாத்தாளைத் திணிப்பது மருத்துவமல்ல. ஏழாம் தரப் புத்தகத்தை வெட்கமின்றித் திறந்து வைப்பதே மருத்துவம். பாடநூலை 1980 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. அதிலுள்ள அப்பியாசங்களை முழுதாகச் செய்து முடித்த பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆகவே நான் எதிர்பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்.

பிள்ளையிடம்: நாளுக்கு முக்கால் மணி நேரம், தனியே, விடையைப் பாராமல். பிழைத்த கணக்கை அழிக்காதே. ஒரு கோடு கீறிவிட்டு, பிழை எங்கே புகுந்தது என்று அருகில் எழுது. கேத்திரகணிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுது. பரீட்சையிலும் விடைப்படிகளுக்குப் புள்ளி உண்டு.

ஆசிரியரிடம்: கொடுத்த வீட்டுவேலையை அந்த வாரமே திருத்திக் கொடுங்கள். “உன் மண்டைக்குள் களிமண்” என்ற சொல்லை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள். எந்தப் பிள்ளைக்கும் 35ஐ இலக்காக வைக்காதீர்கள்.

பெற்றோரிடம்: “எத்தனை புள்ளி?” என்று கேட்பதை நிறுத்தி, “இன்றைக்கு எந்தக் கணக்கில் தடக்குப்பட்டாய்?” என்று கேளுங்கள். அதற்குக் கணிதம் தெரியவேண்டியதில்லை. கூலிவேலை முடித்து வரும் தாயும் கேட்கலாம்.

பசியோடு இருக்கும் பிள்ளையிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது கொடுமையல்லவா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பசியைத் தீர்க்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வறிய பிள்ளையிடம் குறைவாக எதிர்பார்ப்பது அதன் வறுமையைக் குறைப்பதில்லை, நீடிக்கவே செய்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கணிதத்தில் தவறினால் வேறு நாடு, வேறு வழி உண்டு. லிங்கநகர்ப் பிள்ளைக்கு அந்த ஒரு கொப்பிதான் உண்டு.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கருத்தரங்குக்கும் வழிகாட்டி நூலுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பணம் அனுப்புகிறீர்கள், நல்ல மனதோடுதான். அடுத்த முறை ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள்: இந்தப் பணத்தால் எந்தப் பிள்ளை, எத்தனை கணக்கைத் தன் கையால் செய்யப் போகிறது? ஒரு சனசமூக நிலையத்தில் மாலையில் மின்விளக்கும், மேசையும், சதுரறூள் கொப்பியும், கேட்டால் மட்டும் உதவும் ஓர் இளைஞரும் இருந்தால் போதும். பதாகையும் மாலையும் தேவையில்லை.

அடுத்த பெறுபேறு வரும்போதும் ‘9 ஏ’ படங்கள் பத்திரிகையில் வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பாடசாலையை அந்தப் படங்களால் அளக்காதீர்கள். 35இல் நிறுத்தப்படவிருந்த எத்தனை பிள்ளைகளை அது 50ஐத் தாண்ட வைத்தது என்று கேளுங்கள்.