கொலுவுக்குத் திறக்கிற கதவு முற்றத்துக்கும் திறக்கட்டுமே

முன்குறிப்பு: இது பயணக்கட்டுரை இல்லை. அதனால அந்த ஊர்ல என்ன சாப்பிட்டேன், தயிர்சாதம் கிடைச்சுதான்னெல்லாம் யாரும் கேக்காதீங்க மக்களே :-)

நேரா மேட்டருக்கு வரேன். நம்ம ஊர்ல மிச்சம் இருக்கிற முற்றம் வெச்ச வீடுகளை வருஷத்துல ஒரு வாரம், யார் வந்தாலும் உள்ளே விடற மாதிரி திறந்து வைக்கணும். டிக்கெட் கூடாது. 'நீங்க யாரு, எந்த ஊரு, என்ன ஆளுங்க'ன்னு கேக்கக் கூடாது. இதான் என் கட்சி.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. ஆணி புடுங்கறதுக்காக ஆறு மாசம் மாட்ரிட்ல இருந்தப்போ, மே மாசம் ஒரு சனிக்கிழமை ரயில் பிடிச்சு கோர்டோபா போனேன். தெற்கு ஸ்பெயின்ல இருக்கிற பழைய ஊர். அங்கே மே மாசத்து முதல் பாதியில முற்றத் திருவிழா நடக்குது. 1921-ல நகராட்சி ஆரம்பிச்ச போட்டி அது. யார் வீட்டு முற்றம் பூவும் செடியுமா அழகா இருக்கோ அவங்களுக்குப் பரிசு. போட்டியில சேர்ந்தவங்க அத்தனை பேரும் வீட்டை ஊருக்கே திறந்து விடணும். 2012-ல யுனெஸ்கோ இதைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துது.

உள்ளே போனா வெள்ளைச் சுவர் முழுக்கத் தொட்டிகள். ஜெரேனியம், கார்னேஷன், மல்லி. ரெண்டாவது மாடி உசரத்துல தொங்குற தொட்டிக்கு எப்படித் தண்ணி ஊத்துவாங்கன்னு யோசிச்சிட்டே நின்னேன். ஒரு பாட்டியம்மா நீளமான கழி நுனியில தகர டப்பாவைக் கட்டி, நாம தொரட்டியால மாங்கா பறிக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்து ஊத்தினாங்க. அந்த வீடு மியூசியம் இல்லை. கொடியில துணி காயுது, அடுப்படியில பூண்டு வதங்குற வாசனை வருது.

எனக்கு ஆச்சரியம் பூ இல்லை. இந்த முற்றங்கள்ல பல, ராஜா வீட்டு முற்றமோ பிரபு வீட்டு முற்றமோ கிடையாது. 'காசா தெ வெசினோஸ்'னு சொல்றாங்க. பல குடும்பம் ஆளுக்கொரு அறையில இருந்துகிட்டு, கிணறு, துணி துவைக்கிற கல், முற்றம் எல்லாத்தையும் பொதுவா வெச்சுக்கற வீடு. அட, இது நம்ம ஒண்டுக்குடித்தனம்! எங்க அம்மா வளர்ந்தது திருவல்லிக்கேணியில அப்படி ஒரு 'ஸ்டோர்' வீட்டுலதான். எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு அடிபம்பு. காலையில குடம் வரிசை, மத்தியானம் வடாம் காயறது, ராத்திரி சண்டை, எல்லாம் அந்த முற்றத்துலதான். அதே ஏழைகளோட முற்றத்தை அவங்க ஊரோட பெருமையா மாத்திட்டாங்க. நாம இடிச்சுட்டு நாலு மாடி கட்டிட்டோம்.

எங்க ஆதம்பாக்கத்துல இன்னிக்கு முற்றத்தைத் தேடினா எங்கே கிடைக்கும் தெரியுமா? அபார்ட்மெண்ட் நடுவுல பாத்ரூம் குழாய் இறங்குற 'டக்ட்'. நாலு பக்கம் சுவர், மேலே வானம், கீழே புறா எச்சம். முற்றத்தோட ஒரே வாரிசு அதுதான்.

'கொசுவத்தி சுத்தாதே'ன்னு சொல்றவங்களுக்காக இஞ்சினியரா ரெண்டு வார்த்தை. முற்றம் அலங்காரம் இல்லை, அது ஒரு மெஷின். சூடான காத்து மேலே திறந்த வெளியில ஏறும். அந்த இடத்துக்குத் திண்ணை, ரேழி வழியா நிழல் காத்து உள்ளே வரும். கரண்ட் பில் கிடையாது. கோர்டோபாவுல கோடையில 46 டிகிரியைத் தாண்டின நாளெல்லாம் உண்டு. அந்த வெயிலுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் முற்றமும் செடியும் தண்ணியும். நம்ம வீடுகள்ல கூடவே மழை. நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்துதான் இறங்கும், தண்ணி அண்டாவுல விழும். 2003-ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் போட வேண்டி வந்தது. 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி கொடுக்கற ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னாடி குடத்தோட ஓடினோம். முற்றம் இருந்திருந்தா ஊரே தப்பிச்சிருக்கும்னு புருடா விட மாட்டேன். ஆனா மழை வந்தா அது எங்கே விழுது, எங்கே போகுதுன்னு அந்த வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.

நம்மகிட்ட மிச்சம் இருக்கறதுல பெரிய சொத்து செட்டிநாடு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டுன்னு இந்தத் தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல வெளியே வரலாம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், நடுவுல வானம். 2014-ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறிச்சு. அதே சமயம், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க. அந்த மாதிரி வீடுகளோட கதவும் தூணும் பிரிச்சு விலைக்கு வெச்சிருக்காங்க.

வீட்டுக்காரங்களைக் குத்தம் சொல்ல மனசு வரலை. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளி. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். கல்யாணம், படைப்புன்னா கூடுவாங்க, மத்த நாள் பூட்டுதான். ஓடு மாத்தற செலவை யார் தலையில கட்டறது? கோர்டோபாவுல கலந்துக்கற வீட்டுக்கு நகராட்சி பணம் கொடுக்குது, பரிசு தனி. நம்ம ஊர்ல பாராட்டுப் பத்திரம் கொடுப்பாங்க. பத்திரம் ஒழுகற ஓட்டை அடைக்காதுங்க.

'முட்டுக்காடு தக்ஷிணசித்ரா இருக்கே'ன்னு ஒருத்தர் வருவார். இருக்கு, நல்ல காரியம், 1996-லேருந்து நடக்குது. செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்காங்க. ஆனா அங்கே வீடு இருக்கு, வீட்டுக்காரங்க இல்லை. பூண்டு வாசனை வராது.

இப்போ கசப்பான பகுதி. நம்ம முற்றம் எல்லாருக்குமான இடமா இருந்ததே இல்லை. திண்ணை வரைக்கும் சிலர், ரேழி வரைக்கும் சிலர், கொல்லைப்புறமா மட்டும் சிலர், தெருவுக்குள்ளேயே வரக்கூடாதுன்னு சிலர். அந்த வீட்டுப் பொண்ணுங்களுக்கே மாசத்துல மூணு நாள் முற்றத்தைத் தாண்டி உள்ளே இடம் கிடையாது. 'ஆகா, அந்தக் காலம்'னு உருகறவங்க இதைச் சௌகரியமா மறந்துடறாங்க. இதனாலயே இடியட்டும்னு சொல்றவங்க கோபமும் எனக்குப் புரியுது. ஆனா எனக்குத் தோணறது வேற. இடிச்சா அந்த வாசப்படி போகும். யாரை எங்கே நிறுத்தினோம்ங்கிற ஞாபகமும் சேர்ந்து போயிடும். திறந்து விட்டா, கொல்லைப்புறமா வந்து போனவரோட பேத்தி தலைவாசல் வழியா நுழைஞ்சு, முற்றத்துல நின்னு ஃபோட்டோ எடுப்பா. ரெண்டுல எது பெரிய மாற்றம்?

எங்க அப்பா வழி வீடு கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கு. சின்ன முற்றம், நாலு தூண். அஞ்சு பங்கு. அடுத்த மாசம் வித்துடலாம்னு பேச்சு. நான் சித்தப்பாகிட்ட மேலே சொன்னதை அப்படியே சொன்னேன். "கண்டவனும் உள்ளே வருவான்டா"ன்னார். "அதுக்குத்தான் சித்தப்பா சொல்றேன்"னேன். அதுக்கப்புறம் ஃபோன்ல ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. என் தரப்புல, ஓடு மாத்தறதுல ஒரு பங்குச் செலவு என்னோடதுன்னு சொல்லியிருக்கேன். பார்க்கலாம்.

வெளியாளை வீட்டுக்குள்ளே விடறது நமக்குப் பழக்கம் இல்லையா என்ன? ஜனவரியில மயிலாப்பூர் திருவிழாவுல வடக்கு மாட வீதி முழுக்கக் கோலம் போட்டு ஊரையே கூப்பிடறோம். நவராத்திரியில ஒன்பது நாள் கதவைத் திறந்து, வந்தவங்களுக்குச் சுண்டலும் கொடுத்து அனுப்பறோம். கொலுவுக்குத் தெரிஞ்சவங்களை மட்டும் கூப்பிடறோம், அவ்வளவுதான் வித்தியாசம். 'தெரிஞ்சவங்க'ங்கிற ஒரு வார்த்தையை எடுத்துட்டா, நம்ம கையில கோர்டோபா தயார்.

உங்க ஊர்ல, உங்க தாத்தா வீட்டுல முற்றம் மிச்சம் இருக்கா? இருந்தா இந்தப் பொங்கலுக்கு ஒரே ஒரு நாள் திறந்து பாருங்க. தெருவுல போற யாரையாவது கூப்பிட்டு உட்கார வைங்க. சுண்டல் செலவு என்னோடது :-)